மூன்றாவது சிவப்பு

பேதுல் தாண்டி மலையிறக்கம் முடிந்து, ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே சாலை நேராகும் இடத்தில் மாமியாரின் முகம் சிவந்தது.

செங்கோட்டுவேல் பார்த்தும் பார்க்காததுபோல் ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி அவன் பேச்சைக் கேட்கவில்லை. அறுபதில் போய்க்கொண்டிருந்தது நாற்பதுக்கு வந்தது, இருபதுக்கு வந்தது, பிறகு தானே இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு ஓரங்கட்டி, காற்று பிரேக்கின் நீண்ட பெருமூச்சோடு நின்றது. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இந்தூரில் ஏற்றிய சோயாப் புண்ணாக்கு, நாமக்கல் கோழிகளுக்காக.

“கருமம். இன்னிக்குமா?” என்றான் பெட்டியைப் பார்த்து.

அதன் அரசாங்கப் பெயர் சகவாசமானி. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், முன் கண்ணாடிக்குக் கீழே திருகி வைக்கப்பட்டிருக்கும் டிபன் டப்பா அளவுப் பெட்டி. நடுவில் உள்ளங்கை அகல வட்ட விளக்கு. பச்சையாக இருந்தால் வண்டி ஓடும். மஞ்சளானால் நாற்பதுக்கு மேல் போகாது. சிவந்தால் நின்றுவிடும். மூலையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் நடக்கும் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டு, பிடிக்காவிட்டால் முகம் சிவக்கிற ஒன்றுக்கு லாரிக்காரர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

மாமியார் குடிக்கிறாயா என்று பார்ப்பதில்லை, தூங்குகிறாயா என்றும் பார்ப்பதில்லை. அதற்கெல்லாம் வேறு கருவிகள் இருந்தன. ஓட்டுகிறவன் யாருடனாவது பேசினானா, அந்தப் பேச்சு பேச்சாக இருந்ததா என்பது மட்டுமே அதன் கவலை. அது ஒருவகை டீசல் மீட்டர். வீட்டாரோடு மனம்விட்டுப் பேசினால் ஒரு நாள் ஓட்டத்துக்கு நிரம்பும். டீக்கடையில் முன்பின் தெரியாதவனோடு அடிக்கும் அரட்டையும் சட்டைப்பை போன் வழியாக அதன் காதுக்குப் போய்விடும், இருபது முப்பது கிலோமீட்டருக்கு வரும். மனைவியின் பழைய குரலைப் பதிவுசெய்து வைத்துப் பேசிப்பார்த்தவர்கள் உண்டு. பதிவு செய்த குரலுக்குக் காத்திருக்கத் தெரியாது. மாமியார் அதை முதல் நிமிடமே கண்டுபிடித்துவிடும். ஆனால் சண்டை செல்லும். சண்டையில் ஒருவர் முடிக்குமுன் மற்றவர் பாய்வதால் மானி சரசரவென்று ஏறும். திருச்செங்கோட்டுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் காலைச் சமையல் முடிந்ததும் பெண்கள் போனை எடுத்துவைத்துக்கொண்டு, “இன்னிக்கு என்னத்துக்குச் சண்ட போடலாமுங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

செங்கோட்டுவேலின் மனைவி கோகிலாவும் அப்படித்தான் இருந்தாள். இந்த மாதம் அவள் சண்டையே போடவில்லை.

ஒரு வருடத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் நெடுந்தூர அனுமதி ரத்து. முதல் இரண்டும் இந்த ஒரு பயணத்திலேயே விழுந்திருந்தன. இது மூன்றாவது. குவாரிக்கும் துறைமுகத்துக்கும் ஓடும் கிட்டத்து வண்டிகளில் இப்போது ஆளே கிடையாது. அவை தாமாகவே போய்வந்தன. மாடும் டிராக்டரும் குறுக்கே வரும் தூரத்துச் சாலைகளை மட்டும்தான் இன்னும் மனிதனிடம் விட்டுவைத்திருந்தார்கள். அதுவும் போனால் நாற்பத்தேழு வயதில் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

ஆனாலும் அவனை அறுத்தது வேறொன்று. அனுமதியை ரத்து செய்யும் தாளில் காரணம் அச்சடித்தே இருக்கும்: ‘குடும்பத் துணை போதாமை.’ கீழே ஓட்டுநர் கையெழுத்து. அதற்கும் கீழே, குடும்பத்திலிருந்து பதிவு செய்யப்பட்ட துணைவரின் கையெழுத்து. கோகிலா போட வேண்டும், தன் துணை போதவில்லை என்று.

உதவி எண்ணை அழைத்தான். நாக்பூரிலிருந்து ஆய்வாளர் வருவார், இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். இறங்கி, வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து அடுப்பை எடுத்தான். சட்டியில் அரிசியைப் போட்டுக் கழுவும்போதுதான் கவனித்தான். இரண்டு டம்ளர் போட்டிருந்தான். வழக்கம்போல.

*

முன்பெல்லாம், பத்து வருடத்துக்கு மேல், அவன் தனியாக ஓட்டியதே இல்லை. அப்போது டபுள் டிரைவர். ஒருவன் ஓட்டினால் ஒருவன் பின்பலகையில் தூங்குவான். மாறுகிற நேரத்தில் சோறாக்குவார்கள், சண்டை போட்டுக்கொண்டே. ரசத்தில் வெல்லம் போடலாமா கூடாதா என்ற ஒரே வழக்கைக் கூட ஓட்டிய நாச்சிமுத்து பத்து வருடம் நடத்தினான். போடலாம் என்பது அவன் கட்சி. செங்கோட்டுவேலுக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகும் கட்சி மாறவில்லை. “உன்ற கிண்ணத்துல நீ போடாத மாப்ள, என்ற வாயில நான் போட்டுக்கறன்” என்பான்.

சாலைக் கோட்டைத் தானே பிடித்துக்கொண்டு ஓடும் வண்டிகள் வந்ததும், ஒரு லாரிக்கு எதற்கு இரண்டு பேர் என்று முதலாளிகள் பிரித்துவிட்டார்கள். நாச்சிமுத்துவுக்கு வேறு வண்டி. இருவரும் ஒரே தடத்தில்தான் ஓடினார்கள், ஒருவன் வடக்கே போனால் ஒருவன் தெற்கே. எதிரெதிரே வந்தால் இரண்டு குட்டை ஹாரன், ஒரு நெட்டை ஹாரன். ஆளுக்கொரு பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடுத்திட்டுக்கு ஓடிவருவார்கள். அரளிச்செடிகளுக்கு மேலே ஒருவன் ரசப் பாட்டிலை நீட்ட, மற்றவன் ஊறுகாய் டப்பாவை நீட்டுவான். பின்னால் வரும் வண்டிகள் திட்டும்வரை நிற்பார்கள். மாமியார் வந்த பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் பதிவுத் துணை. நாச்சிமுத்துவின் மனைவி இறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. அவனுக்குச் செங்கோட்டுவேலைத் தவிரப் பதிவில் வேறு பெயர் இல்லை.

அவன் குரலைக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது, செங்கோட்டுவேல் இந்தூரில் லோடு இறக்கிவிட்டு, ஊர்ப்பக்க லோடு கிடைக்காமல் அங்கேயே சுற்றுவட்டாரத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மூன்று வாரம். போன் எடுக்கவில்லை. கோகிலாவைக் கேட்டான்.

“அஸ்ஸாம் லோடு ஏத்திட்டுப் போயிருக்காராமுங்க. போன் தண்ணியில உளுந்துருச்சாமா” என்றாள்.

அஸ்ஸாம் என்றால் போகவர ஒரு மாதம். திரும்பி வரட்டும், ஒரு மாதத்துக்கான வழக்கையும் சேர்த்துத் தீர்த்துவிடலாம் என்று இருந்தான். ஆனால் அந்த மூன்று வாரமாக அவனுக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது. வீட்டுக்குப் பேசினால் மானி ஏறவில்லை, இறங்கியது. ஈரோட்டில் நர்சிங் படிக்கும் மகள் யாழினியோடு பேசினாலும் இறங்கியது. தேவாஸ் டீக்கடையில் சங்ககிரி வண்டிக்காரர் ஒருவர், நன்றாகப் பழகியவர், இவனைப் பார்த்ததும் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனால் முல்தாயில் தமிழே தெரியாத டீக்கடைக்காரரோடு அரைகுறை இந்தியில் மழையைப் பற்றிப் பேசினால் மாமியார் பச்சையாகச் சிரித்தது.

தெரியாதவர்கள் பேசுகிறார்கள். தெரிந்தவர்களால் தன்னோடு பேச முடியவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? மாதக்கணக்கில் ரோட்டிலேயே கிடந்து, சொந்த மனிதர்களுக்குச் சலித்துப்போன ஆளாகத் தான் ஆகிவிட்டோம் என்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. மாத்திரை போடுவதை விட்டான். படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. நேற்று நர்மதைப் பாலத்துக்கு முன்னால் நின்றிருந்த டிராக்டரைக் கண் பார்த்துவிட்டது, கால் பிரேக்குக்குப் போகத் தாமதமாகிவிட்டது. ஒரு முழம் மிச்சம் வைத்து வண்டி நின்றது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

*

ஆய்வாளர் ஒரு சின்ன வேனில் வந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கருவிப்பை. வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“திருச்செங்கோட்டு வண்டியா! வணக்கம் அண்ணாச்சி. நான் ரோஸ்லின். தூத்துக்குடி.”

“வாம்முணி” என்றான் செங்கோட்டுவேல். நாக்பூர் வெயிலில் ஒரு தமிழ்க்குரல் கேட்டதே பாதிப் பசியைத் தீர்த்தது. “நீயி நம்மூருப் புள்ளயாப் போனது நல்லதாப் போச்சு. பெட்டியில கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துரு. மூணாவது செவப்பு. கோளாறுன்னா கணக்குல வராது.”

“கோளாறா இருந்தா எழுதுதேன். மொதல்ல பாப்போம்.”

கேபினில் ஏறி உட்கார்ந்தாள். ஏதோ கம்பியைச் செருகினாள். பிறகு கருவியைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

“என்ன சமைக்கிய அண்ணாச்சி?”

“சோறும் ரசமும்.”

“ரசத்துல வெல்லம் போடுவியளா?”

“போடறதா? எவன் சொன்னான் உனக்கு?”

“எங்கம்மா ஒரு துண்டு போடுவா. அப்பத்தான் புளி அடங்கும்.”

“புளி அடங்கோணும்னா புளியக் கொறைக்கோணும் அம்முணி. புளிய அள்ளிப் போட்டுட்டு வெல்லத்தக் கொண்டாங்கறது எந்த ஊரு நாயம்?”

“உப்பு கூடிப் போச்சுன்னா என்ன செய்வியளாம்?”

“தண்ணி ஊத்துவன்.”

“ஊத்துனா அது ரசமா? கழனித்தண்ணி!”

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. ரோஸ்லின் பெட்டியைச் சுட்டிக்காட்டினாள். வட்டம் மஞ்சளுக்கு வந்து, ஓரத்தில் பச்சை கட்டிக்கொண்டிருந்தது.

“பாத்தியளா. பெட்டி நல்லாருக்கு. நீங்களும் நல்லாருக்கிய. கோளாறுன்னு நான் எப்படி எழுத?”

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. “அப்பறம் ஏனம்முணி, என்ற பொண்டாட்டிகூடப் பேசுனா மட்டும் எறங்குது?”

கேட்டபிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று உறைத்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரோஸ்லின் இறங்கி வந்து, காலியான தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். இந்த வேலைக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சிவப்பைப் பார்த்துத் தாளில் குறித்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால் சோறு தண்ணி மறந்துவிடுகிறவர்கள் இன்னொரு வகை. அவள் இரண்டாவது.

“இது என்னத்த அளக்குன்னு உங்களுக்கு யாராவது சொல்லியிருக்காவளா?”

“பாசமா பேசறமான்னு பாக்குதாமா.”

“பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இடைவெளி. நீங்க பேசி முடிச்சதுக்கும் நான் ஆரம்பிச்சதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு அளக்கு. அவ்வளவுதான். சாதாரணமா ரெண்டு பேரு பேசும்போது அது நொடியில அஞ்சுல ஒரு பங்கு. கண்ணச் சிமிட்டுத நேரம். ஆனா ஒரு வார்த்தைய யோசிச்சு வாய்க்குக் கொண்டுவர அதவிட மூணு மடங்கு நேரம் வேணும். அப்ப எப்படி நாம டக்கு டக்குன்னு பதில் சொல்லுதோம்?”

“எப்படி?”

“நீங்க முடிக்கதுக்கு முன்னாடியே, எங்க முடிப்பியன்னு என் மூளை ஊகிச்சிருது. பதில எடுத்துக் கையில வச்சிக்கிட்டு வாசல்லயே நிக்கும். நீங்க நிறுத்துன உடன நீட்டும். எதிராளு மனசுக்கு ஒரு எட்டு முன்னாடி ஓடிப்போய் நிக்கது. அதுதான் அண்ணாச்சி பேச்சுத்துணைங்கது. இப்ப வண்டி ஓட்டுததுக்கு வாங்க. முன்னாடி போறவன் பிரேக் லைட்டு எரியதுக்கு முன்னாடியே உங்க கால் பிரேக்குக்குப் போவுதுல்ல?”

“போவோணும்.”

“அதுவும் இதே ஊகம்தான். நாள்கணக்குல தனியாக் கெடந்தா அது துருப்பிடிச்சுப் போவும். வாயில அரை நொடி தாமதம்னா காலுலயும் அரை நொடி. அறுவதுல போவும்போது அரை நொடின்னா எட்டு மீட்டரு. ரெண்டு காரு நீளம்.”

நர்மதைப் பாலத்து டிராக்டர் அவன் கண்முன் வந்து நின்றது. சோற்றைக் கிளறினான்.

“அப்ப துருப்பிடிச்சது நாந்தான்.”

“உங்ககூட இப்பதான பேசுனேன். துரு லேசாத்தான் இருக்கு. வாங்க, ஒண்ணு காட்டுதேன்.”

மடியில் வைத்திருந்த திரையைத் திருப்பினாள். இரண்டு வரிகளாகக் கோடுகள், மேடும் பள்ளமுமாக. மேல்வரி அவன் குரல், கீழ்வரி எதிர்முனை. வார்த்தைகள் கிடையாது, வார்த்தைகளைச் சேமிக்கச் சட்டம் விடாது. எப்போது ஒலி, எப்போது மௌனம், அவ்வளவுதான்.

“இது முந்தாநாளு உங்க வீட்டுக்காரவுக கூடப் பேசுனது. நல்லாத்தான் போவுது. பாருங்க, இந்த எடம் வரைக்கும் இடைவெளி சரியா இருக்கு. இங்க நீங்க ஒரு கேள்வி கேக்கிய. அந்தப் பக்கம் ஒரு முழு நொடிக்கு மேல சத்தமே இல்ல. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அவுக ஒவ்வொரு பதிலயும் யோசிச்சு யோசிச்சுத்தான் சொல்லியிருக்காவ.”

“சலிச்சுப் போயிருக்கும்.”

“சலிச்சவுக இப்படிப் பேச மாட்டாவ அண்ணாச்சி. சலிச்சவுக இடைவெளி பூராவும் ஒரே மாதிரி நீளமா இருக்கும். இது ஒரு எடத்துல ஒடைஞ்சிருக்கு. சரி, இதப் பாருங்க. இது உங்க மவ. இங்க ஒரு நொடி. இது அதுக்கு முந்துன வாரம். இங்க. திரும்ப வீட்டுக்காரவுக. இந்தா, இங்க.” அவள் விரல் திரையில் தத்தித்தத்திப் போனது. “யார்கூடப் பேசுனாலும் ஒரு எடத்துல ஒடையுது. அந்த எடத்துல நீங்க என்ன கேட்டியன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

அவனுக்குப் புதிதாக நினைவுபடுத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பேசும்போது அவன் கேட்பது எப்போதும் ஒரே வரிசைதான். சாப்பிட்டாயா. தண்ணீர் வந்ததா. மாடு கறந்ததா. பிறகு?

பிறகு, நாச்சி கூப்பிட்டானா.

கரண்டியைச் சட்டியின் மேல் வைத்தான். அது வழுக்கி மண்ணில் விழுந்தது. எடுக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி?”

“எங்க பக்கம் ஒண்ணு உண்டு அம்முணி.” குரல் அவனுக்கே தூரத்தில் கேட்டது. “ஸ்டியரிங் புடிச்சிருக்கறவன்கிட்ட கெட்ட சேதி சொல்லமாட்டாங்க. அப்பன் செத்தாலும் ஆயா செத்தாலும் சொல்லமாட்டாங்க. வண்டி வந்து வீட்டு வாசல்ல நிக்கோணும், எறங்கிக் கால் கழுவோணும், அதுக்கப்பறந்தான். ஊரே சேந்து மறைக்கும். ரோட்டுல பாக்கற நம்மூரு வண்டிக்காரன் வாயும் தொறக்காது. கேட்டவன் கை நடுங்கி எங்கயாச்சும் கொண்டுபோயி உட்டுருவான்னு பயம்.”

ரோஸ்லின் மண்ணில் கிடந்த கரண்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

“நாச்சிமுத்துன்னு என்ற கூட்டாளி. பத்து வருசம் ஒரே வண்டி. அவங்கம்மா செத்தப்ப நாங்க கட்டாக்ல இருந்தம். எனக்குத்தான் சேதி வந்துச்சு. ஊரு வந்து சேர்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்து அவங்கூடச் சிரிச்சுட்டு வந்தன். நெல்லூர்ல கேட்டான், ‘மாப்ள, எங்கம்மா ஏதாச்சும் பேசுச்சா?’ன்னு. நான் உடனே சொல்லல. தண்ணி குடிக்கற மாதிரி பாட்டில எடுத்துட்டு, அப்பறம்தான் சொன்னன், ‘நல்லாத்தான் இருக்குதாமா’ன்னு.”

திரையில் உறைந்திருந்த அந்த ஒரு நொடிப் பள்ளத்தைப் பார்த்தான். அதன் நீளம் அவனுக்குத் தெரியும். உள்ளேயிருந்து தெரியும்.

*

முதல் மணியிலேயே கோகிலா எடுத்தாள். அவன் கேபினில், தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். பேச்சு மாமியார் வழியாகத்தான் போனது.

“ஏனுங்க, வண்டி நிக்குதுங்களா?”

எப்போதும் அவளுடைய முதல் கேள்வி அதுதான். அக்கறை என்றே இதுவரை நினைத்திருந்தான். இன்றுதான் அதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்துகொள்ளும் கேள்வி அது.

“நிக்குது. கீழ சோறு வேகுது. கோகிலா, ஒண்ணு சொல்றன். நேத்து ஒரு டிராக்டர்ல கொண்டுபோயி உடப் பாத்தன். ஒரு மொழந்தான் மிச்சம்.”

“ஐயோ! ஏனுங்க—”

“இரு. ரெண்டு வாரமா சக்கர மாத்திர போடல. தூக்கமும் இல்ல. மூணாவது செவப்பு உளுந்துருச்சு.”

“மாத்திர போடாம என்ன கருமத்தப் பண்ணிட்டிருந்தீங்க? தெனமும் கேட்டேனுங்களே, போட்டாச்சு போட்டாச்சுன்னு சொன்னீங்களே! இத்தன நாளா என்றகிட்டச் சொல்லாம—”

“நீ மட்டும் சொன்னியா?”

அவள் நிறுத்தினாள். பெட்டிக்குள் ஏதோ சின்னதாகச் சிமிட்டியது. பாதி இந்தியாவைத் தாண்டி அந்த வீட்டின் சுவர்க்கடிகாரம் அவனுக்குக் கேட்பதுபோல் இருந்தது.

“நாச்சி எப்பப் போனான்?” என்றான்.

ஒரு நொடி. இரண்டு. கீழே நின்றிருந்த ரோஸ்லின் மெல்லக் கேபின் கதவைச் சாத்திவிட்டாள்.

“நீங்க வண்டிய நிறுத்தியிருக்கறது நெசமுங்களா?” கோகிலாவின் குரல் உடைந்து கிடந்தது. “என்ற மேல சத்தியமா நிக்குதுங்களா?”

“நிக்குது புள்ள. நான் நவுத்த நெனச்சாலும் நவுராது.”

“நீங்க இந்தூர்ல லோடு எறக்குன அன்னிக்குங்க. துலே பக்கம் வண்டிய நெழல்ல போட்டுட்டு அடுப்புல சோறு வெச்சிருக்காரு. டயருல சாஞ்சு உக்காந்தவருதான். நெஞ்சு. பக்கத்து வண்டிக்காரங்க, சோறு தீயுதே, ஆளு பாக்காம உக்காந்திருக்காரேன்னு சொல்ல வந்தாங்களாம்.”

“எவ்வளவு சோறு?”

“என்னுங்க?”

“எவ்வளவு வெச்சிருந்தான்?”

அவளுக்குப் புரிந்தது. “ரெண்டாளுக்கு” என்றாள். “சட்டியக் கொண்டாந்து குடுத்தாங்க. ரெண்டாளுக்குத்தான் வெச்சிருந்தாரு.”

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்தெடுக்க முடியாது. அவன் அழுதான். அவள் அழுதாள். நெஞ்சுவலி இருந்ததை அவன் என்னிடம் சொல்லவேயில்லை என்று இவன் பேசி முடிக்குமுன், அவரும் உங்களைப்போல்தான், ஓட்டிக்கொண்டிருக்கிறவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்திருப்பார் என்று அவள் பாய்ந்தாள். எழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இவன் போன் வந்ததாம். “குரலக் கழுவிட்டு எடுத்தனுங்க” என்றாள். “தெனமும் கழுவிக் கழுவி எடுத்தன். நீங்க நாச்சி நாச்சின்னு கேக்கக் கேக்க, யாருகிட்டப் போயி அழுவன்? நான் போயி அழுகற ஆளு நீங்கதான். உங்களுக்குத்தான சொல்லக்கூடாது!”

“நான் உனக்குச் சலிச்சுப் போயிட்டன்னு—”

“யாருக்குச் சலிச்சுப் போச்சு? வாயில என்ன வார்த்த வருது பாருங்க! மாத்திரயும் போடாம, நெனப்பப் பாரு—”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கேபின் முழுக்க ஒரு வெளிச்சம் பரவியிருந்தது.

மாமியாரின் முகம் பச்சையாக இருந்தது. ஒரு மாதமாக அவன் பார்க்காத பச்சை, நாச்சிமுத்துவோடு வெல்ல வழக்குப் பேசிய நாட்களில் மட்டும் பார்த்த நிறைந்த பச்சை. மோட்டார் தானாகவே உறுமி எழுந்தது. ஓட்டலாம் என்றது பெட்டி. ஓட்டுநர் நல்ல துணையோடு இருக்கிறார், அவர் காலுக்கு இப்போது தாமதம் இல்லை, நாமக்கல் வரை போகலாம் என்றது. பெட்டிக்குத் தெரிந்தது இடைவெளி மட்டும்தான். இரண்டு பேருக்கு நடுவே இப்போது இடைவெளியே இருக்கவில்லை.

பழக்கத்தில் அவன் கை கியருக்குப் போனது. அந்தக் கை நடுங்குவதை அவனே வேடிக்கை பார்த்தான்.

“சத்தம் கேக்குதுங்க” என்றாள் கோகிலா போனில். “வேண்டாங்க. இப்ப எடுக்காதீங்க.”

கதவு திறந்தது. ரோஸ்லின் படியில் ஏறி, எட்டிச் சாவியைத் திருப்பி உருவினாள். உறுமல் அடங்கியது. பச்சை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“பெட்டி பச்சை காட்டுதே அம்முணி” என்றான், குழந்தையைப்போல.

“பாத்தேன்.”

அவள் திரையை முழங்கையில் சாய்த்துக்கொண்டு எழுதினாள். எழுதியதை அவனுக்குப் படித்தும் காட்டினாள். “கருவியில் கோளாறு. இன்றைய சிவப்பு செல்லாது. மாற்றுக் கருவி வரும்வரை வண்டி நகரக்கூடாது. நாளைக்கு மதியத்துக்கு மேலதான் கொண்டுவருவேன்.”

“கோளாறு இல்லீன்னு நீதான சொன்ன?”

“அப்ப இல்ல அண்ணாச்சி. இப்ப இருக்கு.”

அவன் சட்டென்று மூக்கை உறிஞ்சினான். “சோறு! அடுப்பு—”

“நான் எப்பவோ அணைச்சாச்சு. தீயல. எறங்குங்க.”

போனைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். பின்சக்கரத்தின் நிழலில் இரண்டு தட்டுகளை வைத்தான். ஒன்று எப்போதும் பெட்டியிலேயே கிடக்கும் தட்டு. விளிம்பில் ஆணியால் ‘நா’ என்று கீறியிருக்கும். அதை ரோஸ்லின் பக்கம் தள்ளினான். வேலை நேரத்தில் சாப்பிடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தவள், கீறலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். போன் இருவருக்கும் நடுவே தண்ணீர்க் கேனில் சாய்ந்திருந்தது.

“யாருங்க பக்கத்துல?” என்றது போன்.

“பெட்டி பாக்க வந்த புள்ள. தூத்துக்குடி. ரசத்துல வெல்லம் போடற கூட்டம்.”

மறுமுனையில் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பையைத் துழாவி ரோஸ்லின் ஒரு தாள் பொட்டலத்தை எடுத்தாள். அம்மா அனுப்பிய கருப்பட்டி. ஒரு துண்டை உடைத்து, “உங்களுக்கு இல்ல, எனக்குத்தான்” என்று சொல்லித் தன் தட்டின் ரசத்தில் போட்டுக்கொண்டாள். செங்கோட்டுவேல் சோறு பிசைந்த கையை நிறுத்தினான். அது கரையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

மேலே கேபினில் ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. முகமெல்லாம் பச்சையாக, போகலாம் போகலாம் என்று மாமியார் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.